ஸ்கெட்ச்புக் விலங்குகள் துணிக்கு வரும்போது: கேள்வி பதில்

கேள்வி: ஒரே நரியை இருபது முறை வரைந்து வைத்திருக்கிறேன். துணியில் எம்பிராய்டரியாகத் தைப்பதற்கு எதை எடுப்பது?

பதில்: அழகாக வந்ததை விடுங்கள். அந்த நரியின் குணம் எதில் தெரிகிறதோ அதை எடுங்கள். ட்ரேசிங் பேப்பரில் வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அப்போதும் அது பயந்த நரியா, திமிர் பிடித்த நரியா என்று தெரிந்தால் அதுதான் உங்கள் படம். நுணுக்கங்களில் பாதி துணியில் காணாமல் போகும். உடம்பு நிற்கிற நிலை போகாது.

கேள்வி: அக்கா, பென்சில் கோட்டில் இருக்கும் துள்ளல் தையலில் வரவில்லை. விறைத்து நிற்கிறது.

பதில்: எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் தைத்திருப்பீர்கள். எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது, பிரித்துக்கொள்ளுங்கள். பென்சில் அழுந்திய வயிற்றடிக்கு மூன்று இழை, முதுகுக்கு இரண்டு, மீசைக்கு ஒன்றே போதும். நேர்கோட்டில் 4 மி.மீ. தையல் போட்டால், மூக்கு வளைவில் 2 மி.மீ.க்கு இறங்குங்கள். அப்புறம், ஸ்கெட்ச்சில் கோடு விட்டுப்போன இடத்தைத் துணியிலும் அப்படியே விடுங்கள். அதை மூடினால் படம் செத்துவிடும்.

கேள்வி: ரோமம் தைத்தால் வைக்கோல் மாதிரி இருக்கிறதே?

பதில்: தைக்கும் வரிசையைப் பாருங்கள். ஓடு வேய்வது கீழிருந்து மேலேதானே? அதேபோல வாலில் தொடங்கித் தலைக்கு வாருங்கள்; மேல் ரோமம் கீழ் ரோமத்தின் மீது படியும். முகத்தில் ரோமம் மூக்கிலிருந்து பின்னோக்கி வளர்வதால், கன்னத்தில் ஆரம்பித்து மூக்கில் முடியுங்கள். முதலில் காகிதத்தில் அம்புக்குறிகள் போட்டுக்கொண்டால் கை தடுமாறாது. தையல்கள் நீளமும் குட்டையுமாகக் கலந்து வரட்டும்.

கேள்வி: கண்ணை எப்போது தைப்பீர்கள்?

பதில்: முதலில். கண் சரியில்லை என்றால் மற்றதைத் தைத்துப் பயனில்லை. ஒரு முயலுக்கு இரண்டு இழைக் கறுப்பில் வட்டக் கண் தைத்தேன். திகைத்துப்போய்ப் பார்த்தது. மேலே பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு தையலைக் குறுக்காகப் போட்டு இமையாக வைத்தேன். தூக்கம் வந்துவிட்டது அதற்கு. நான் வரைந்ததும் தூங்குமூஞ்சி முயலைத்தான்! ஒளிப்புள்ளிக்கு வெள்ளையில் ஒற்றை இழை, இரு கண்ணிலும் ஒரே பக்கம்.

கேள்வி: இஸ்திரி போட்டு ஒட்டும் தாளில் வரைந்து, துணியோடு சேர்த்து வெட்டிய யானை எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

பதில்: அந்தத் தாள் துணியின் பின்புறம் ஒட்டுவதால் அப்படித்தான் ஆகும். படத்தைத் திருப்பிப் போட்டு வரையுங்கள்.

கேள்வி: துணியில் வரைய எந்தப் பேனா நல்லது?

பதில்: தண்ணீரில் போகிற பேனா. ஆனால் அலசிய பிறகே இஸ்திரி. சூடு பட்டால் கறை தங்கிவிடலாம். சூட்டில் மறையும் மை கடுங்குளிரில் திரும்பி வரும், அதனால் நான் தொடுவதில்லை.