ஒரு கட்டத்துக்குள் ஒரு பட்டியல்: டெல்டாவிலிருந்து கேட்டவை

டேட்டா ஃபிரேமில் (ஆர், பைதான் மொழிகளில் தரவு வைக்கும் அட்டவணை) லிஸ்ட் நெடுவரிசை, அதாவது ஒரே கட்டத்துக்குள் ஒரு பட்டியலோ ஒரு குட்டி அட்டவணையோ இருப்பது பற்றி வந்த கேள்விகள் மட்டும் இங்கே.

மன்னார்குடி: சார், விவசாயிக்கு ஒரு வரி. 'ரகங்கள்' நெடுவரிசையில் அவர் குறுவைக்குப் போட்ட ரகங்களின் பட்டியல். ஆரில் அன்நெஸ்ட் (பட்டியலைத் தனித்தனி வரிகளாகப் பிரிக்கும் ஃபங்ஷன்) கொடுத்ததும் சில விவசாயிகளையே காணோம்!

காணாமல் போனவர்கள் குறுவையே போடாதவர்களாக இருக்கும், பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காத வருஷம் போர்வெல் இல்லாதவர் குறுவையை விட்டுவிட்டு நேரே சம்பாவுக்குப் போய்விடுவார் இல்லையா, அவர் பட்டியல் காலி. பட்டியலில் எத்தனை உறுப்போ அத்தனை வரி, பூஜ்ஜியம் என்றால் வரியே கிடையாது, இதுதான் அன்நெஸ்ட் இருக்கும் டைடிஆர் பேக்கேஜின் கணக்கு. பிழைச் செய்திகூட வராது, அதுதான் வம்பு. கீப்_எம்ப்டி = ட்ரூ கொடுங்கள், அவர் என்ஏ-வோடு (மதிப்பு இல்லை என்ற குறி) நிற்பார். ஆனால் அதற்குப் பிறகு வரிகளை எண்ணி 'ஆளுக்கு எத்தனை ரகம்' என்று போட்டால் ஒன்றுமே போடாதவருக்கும் 1 வந்துவிடும். எண்ணிக்கை மட்டும்தான் வேண்டுமென்றால் பிரிக்கவே வேண்டாம், லெங்த்ஸ் போதும், காலிக்கு 0 என்று சரியாகச் சொல்லும்.

கும்பகோணம்: அண்ணா, பைதானின் பாண்டாஸிலும் இப்படித்தானா?

இல்லைம்மா. அங்கே பிரிப்பது எக்ஸ்ப்ளோட், அது காலிப் பட்டியலுக்கும் ஒரு வரி வைத்து நேன் (என்ஏ மாதிரி குறி) போடும். அங்கே தொல்லை வேறு: பிரிந்த வரிகளுக்கெல்லாம் பழைய இண்டெக்ஸே (வரியின் அடையாளம்) திரும்பத் திரும்ப வரும், இக்னோர்_இண்டெக்ஸ் = ட்ரூ கொடுத்துவிடு. அப்புறம் ரகம், ஏக்கர் இரண்டுமே பட்டியல் என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்காதே. இரண்டு ரகம், இரண்டு பரப்பு நாலு வரியாகி, ஆடுதுறை 45-இன் ஏக்கர் ஆடுதுறை 43-க்கும் ஒட்டிக்கொள்ளும். 1.3 பதிப்பிலிருந்து இரண்டு பெயரையும் சேர்த்தே எக்ஸ்ப்ளோட்டுக்குக் கொடுக்கலாம்.

திருவாரூர்: இந்த அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக ஆக்க முடியவில்லையே?

ஆரின் ரைட்.சிஎஸ்வி லிஸ்டைப் பார்த்ததும் மறுத்துவிடும், நல்லதுதான். பாண்டாஸ் கமுக்கமாக எழுதிவிடும், திரும்பப் படித்தால் பட்டியல் இருக்காது, சதுர அடைப்பு போட்ட வெறும் எழுத்துதான் இருக்கும். ஏஎஸ்டி நூலகத்தின் லிட்டரல்_இவால் வைத்து மீட்கலாம். ஆனால் முதலிலேயே பட்டியலை அப்படியே காக்கும் ஆர்டிஎஸ் (ஆருக்கு) அல்லது பார்க்கே கோப்பாக வைப்பதுதான் என் கட்சி. மேலதிகாரிக்கு எக்செல்தான் வேண்டுமா, பிரித்த அட்டவணையைக் கொடுங்கள்.

நாகப்பட்டினம்: வட்டத்துக்கு ஒரு வரி, உள்ளே தினசரி மழை அளவு. அதிக மழை பெய்த நாளை எடுக்க ஆரில் மேப்_டிபிஎல் (ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண்ணை விடையாகத் தரும் ஃபங்ஷன்) போட்டால் நீளம் 1 இல்லை என்கிறது.

எந்தெந்த இடம் என்று சொல்லும் விச்-சுக்குள் 'மேக்ஸுக்குச் சமம்' என்று எழுதியிருப்பீர்கள். ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் ஒரே அளவு பதிவானால் இரண்டு விடை வரும், மேப்_டிபிஎல் வரிக்கு ஒன்றுதான் வாங்கும். விச்.மேக்ஸ் முதல் நாளை மட்டும் தரும். மழைமானி பழுதாகி மாசம் முழுக்க என்ஏ என்றால் அதுவும் வெறுங்கையோடு வரும், அந்த வட்டத்துக்கு நீங்களே என்ஏ திருப்பும்படி எழுதிவிடுங்கள். இரண்டு நாளும் வேண்டுமென்றால் வெறும் மேப், விடையும் லிஸ்டாகவே இருக்கட்டும்.

சீர்காழி: ஆரின் டேட்டா.ஃபிரேமுக்குள் லிஸ்ட் கொடுத்தால் தனித்தனி நெடுவரிசையாகிவிடுகிறதே?

அதன் சுபாவம் அது. டிபிள் (லிஸ்டை அப்படியே ஏற்கும் டேட்டா ஃபிரேம் வகை) பயன்படுத்துங்கள், இல்லையென்றால் லிஸ்டை ஐ() என்ற ஃபங்ஷனுக்குள் போட்டுக் கொடுங்கள்.