மகன் வெயிட்லிஸ்ட்டில், மே 1 நெருங்குகிறது

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நாங்கள் டெட்ராய்ட் பக்கத்தில் நோவையில் இருக்கிறோம். கணவருக்கு கார் கம்பெனியில் வேலை. மகன் பன்னிரண்டாம் வகுப்பு. ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு நவம்பர் 1-க்குள், சீக்கிரமே முடிவு தெரியும் எர்லி ஆக்‌ஷனில் விண்ணப்பித்தான். ஜனவரி கடைசியில் 'டிஃபர்', அதாவது முடிவைத் தள்ளி வைக்கிறோம் என்றார்கள், இப்போது வெயிட்லிஸ்ட் என்கிறார்கள். மிச்சிகன் ஸ்டேட்டில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, கொஞ்சம் ஸ்காலர்ஷிப்பும் உண்டு. ஆனால் அதற்குப் பணம் கட்டினால் ஆன் ஆர்பர் வாய்ப்பு போய்விடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அவன் கட்டவே விடமாட்டேன் என்கிறான். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. எத்தனை நாள் காத்திருப்பது, வேறு என்னதான் செய்வது?
- ஒரு தாய், நோவை

பதில்: முதலில் அந்த 'யாரோ' சொன்னதைத் தூக்கிப் போடுங்கள் அம்மா. மிச்சிகன் ஸ்டேட்டில் முன்பணம் கட்டினால் ஆன் ஆர்பர் வெயிட்லிஸ்ட்டில் இருந்து பெயர் போகாது. ஒரு கல்லூரியில் பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொண்டு இன்னொரு கல்லூரியின் பட்டியலில் காத்திருப்பது இந்த நாட்டில் எல்லோரும் செய்வதுதான், கல்லூரிகளே அப்படித்தான் செய்யச் சொல்கின்றன. தப்பு என்று சொல்வது, கிடைத்த இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் பணம் கட்டி இரண்டு இடத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதைத்தான். அதை அவன் செய்யப்போவதில்லை. பணம் கட்டக் கடைசி நாளான மே 1-ஐத் தவறவிட்டால் கையில் இருக்கும் இடமும் போய்விடலாம், அதனால் இந்த வாரமே கட்டுங்கள். பின்னால் ஆன் ஆர்பர் கிடைத்தால் அந்த முன்பணம் திரும்பி வராது, அந்த நஷ்டத்தை மட்டும் இப்போதே மனதளவில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், வெயிட்லிஸ்ட்டில் இருக்க விருப்பம் என்று அவன் அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் தனக்கு இருக்கும் பக்கத்தில், அதாவது போர்ட்டலில் போய் ஒப்புதல் கொடுத்திருக்கிறானா என்று பாருங்கள். கடிதம் வந்தாலே பட்டியலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். பல கல்லூரிகளில் அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு.

நம் ஊர் ஆட்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்றதும் ரயில்தான் ஞாபகம் வரும். டபிள்யூஎல் 14 என்றால் நமக்கு முன்னால் பதின்மூன்று பேர், ஒவ்வொருவராக கேன்சல் செய்யச் செய்ய நம் நம்பர் மேலே ஏறும், சார்ட் போடும் வரை பார்த்துக்கொண்டே இருப்போம். இது அப்படி இல்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இந்தப் பட்டியலுக்கு வரிசையே கிடையாது. 'அவன் எத்தனையாவது ஆள்' என்று போன் போட்டுக் கேட்டாலும் பதில் வராது, ஏனென்றால் அப்படி ஒரு நம்பரே இல்லை.

அதைவிட, கல்யாணத்தில் இலை கணக்குப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேர் உட்கார இடம் இருக்கிறது, கூப்பிட்டால் பாதிப் பேர்தான் வருவார்கள் என்று பழைய அனுபவத்தில் தெரியும், அதனால் இரண்டாயிரம் பேருக்குப் பத்திரிகை கொடுக்கிறார்கள். வருகிறேன் என்றவர்கள் ஆயிரத்து ஐம்பது என்றால் பட்டியல் பக்கமே திரும்ப மாட்டார்கள். தொள்ளாயிரத்து அறுபது என்றால் நாற்பது பேரை எடுப்பார்கள், அந்த நாற்பதும் எந்தத் துறையில் ஆள் குறைகிறதோ அதைப் பொறுத்து. இன்ஜினியரிங் நிரம்பிவிட்டு இசைத் துறையில் இடம் காலியாக இருந்தால் உங்கள் மகன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கூப்பிட மாட்டார்கள். இதை அவனிடம் உட்கார்ந்து பேசுங்கள், மூன்று மாதமாக அந்தப் பிள்ளை 'என்னிடம் என்ன குறை' என்று தன்னையே தோண்டிக்கொண்டிருப்பான்.

எண்ணிக்கையும் தெரிந்திருக்கட்டும். ஆன் ஆர்பருக்கு இப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், முதலாண்டில் சேர்வது ஏழாயிரத்துக்கு மேல். வெயிட்லிஸ்ட்டில் வைக்கப்படுகிறவர்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல். அதில் கடைசியில் இடம் கிடைத்தவர்கள் நூறுகூடத் தாண்டாத வருடமும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டிய வருடமும் உண்டு. 2020-இல் கொரோனா வந்து யார் வருவார், யார் வரமாட்டார் என்று கல்லூரிகளுக்கே தெரியாமல் போனபோது பல இடங்களில் பட்டியலில் இருந்து வழக்கத்தைவிட அதிகமாகவே எடுத்தார்கள். பொதுவான நிலவரம் வேண்டுமானால், அமெரிக்க அட்மிஷன் ஆலோசகர்களின் சங்கமான நேக்காக் 2019-இல் சொன்ன கணக்கு இருக்கிறது: பட்டியலில் இருக்க ஒப்புக்கொண்டவர்களில் சராசரியாக 20 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது, இடம் கிடைப்பதே அரிதான கல்லூரிகளில் அது 7 சதவீதம். எந்தக் கல்லூரியானாலும் அதன் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்துத் தேடி, அதில் சி2 என்ற பகுதியைப் பாருங்கள். எத்தனை பேரை நிறுத்தி வைத்தார்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள் என்று வருடவாரியாக இருக்கும். நான்கைந்து வருடத்தை அருகருகே வைத்து அவனையே பார்க்கச் சொல்லுங்கள். யார் வார்த்தையையும்விட அந்த எண்கள் அவனுக்கு நன்றாகப் புரியும்.

சரி, அவன் செய்யக்கூடியது என்று ஒன்றே ஒன்று இருக்கிறது: ஒரு கடிதம். தொடர்ந்து ஆர்வமாக இருக்கிறேன் என்று தெரிவிப்பது. அதற்கு முன்னால் போர்ட்டலில் என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். சில கல்லூரிகள் கடிதத்தை வரவேற்கும், சில இத்தனை வார்த்தைக்குள் ஒரு பெட்டியில் எழுதச் சொல்லும், சில எதுவுமே அனுப்பாதே என்று சொல்லும். அனுப்பாதே என்றால் அனுப்பக் கூடாது.

இங்கே என்னிடம் வரும் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரும் முதல் கடிதம் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்து இதுதான் என் கனவு, உங்கள் பல்கலைக்கழகத்தின் புகழ், என் உழைப்பு, தயவுசெய்து. படிக்கிறவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. போன வருடம் ஒரு பையன் இப்படித்தான் ஒன்றரைப் பக்கம் கொண்டுவந்தான். நவம்பருக்கு அப்புறம் நீ என்னப்பா செய்தாய் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை ஆன்ட்டி என்றான். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, பள்ளி ரோபாட்டிக்ஸ் அணி ஏப்ரலில் சாகினா வேலியில் நடக்கும் மாநிலப் போட்டி வரை போனது என்றான், அதுவும் ஏதோ சாதாரண விஷயம் போல. பிப்ரவரியில் அவர்கள் ரோபோவின் கை பந்தைத் தூக்கும்போதெல்லாம் செயின் கழன்றிருக்கிறது, மூன்று சனிக்கிழமை பள்ளிப் பட்டறையில் உட்கார்ந்து பற்சக்கரத்தை மாற்றி, இழுவையைச் சரிசெய்யத் தனியாக ஒரு துண்டு செய்து பொருத்தியிருக்கிறான். இதை எழுது என்றேன். ஒன்றரைப் பக்கம் முக்கால் பக்கம் ஆனது. முதல் வரியில் இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன் என்பது, அடுத்து அந்தச் செயின் கதை, அப்புறம் கடைசி மதிப்பெண், அந்தக் கல்லூரியில் எந்த ஆய்வுக்கூடத்தில் என்ன செய்ய விரும்புகிறான் என்று இரண்டு வரி, நன்றி. அவ்வளவுதான். அவனுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தை அனுப்பிய அன்று, தான் யார் என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதி அவன் முகத்தில் இருந்தது.

'கட்டாயம் சேருவேன்' என்ற வரியை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் எழுதலாம், அதுவும் உண்மையாக இருந்தால் மட்டும். கடிதத்தை அவனே எழுத வேண்டும், அவன் மின்னஞ்சலில் இருந்தே போக வேண்டும். நீங்களோ அப்பாவோ அட்மிஷன் ஆபீசுக்கு போன் செய்யாதீர்கள். பள்ளி கவுன்சிலரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், இறுதி மதிப்பெண்களை அனுப்புவது அவர்கள் வேலை. மதிப்பெண் என்றதும் சொல்கிறேன், கடைசி செமஸ்டரில் படிப்பை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு, வெயிட்லிஸ்ட்டில் இருக்கிறவனுக்கு அது கட்டுப்படியாகாது.

பணத்தைப் பற்றி இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். பட்டியலில் இருந்து கூப்பிடும்போது யோசிக்க இரண்டு மூன்று நாள்தான் தருவார்கள், சில இடங்களில் அதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஸ்காலர்ஷிப் பணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். மிச்சிகன் ஸ்டேட்டில் கிடைத்த ஸ்காலர்ஷிப்பை விட்டுவிட்டுப் போனால் நான்கு வருடத்துக்கு எவ்வளவு கூடுதலாகும், அது நம்மால் முடியுமா, முடியாதென்றால் எந்தத் தொகைக்கு மேல் வேண்டாம் என்போம் என்பதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நாங்கள் அதைச் செய்யவில்லை. என் மகளுக்கு ஒரு கல்லூரியில் இருந்து ஜூன் கடைசியில் மதியம் அழைப்பு வந்தது, மறுநாள் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும், உதவித்தொகை விவரம் எப்போது வரும் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியவில்லை. இரவு முழுக்க நானும் அவள் அப்பாவும் சமையலறையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம், அவள் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் 'வேண்டாம்மா, நான் பழைய இடத்துக்கே போகிறேன்' என்றாள். அது அவள் விருப்பமா, எங்கள் சண்டைக்குப் பயந்து சொன்னதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். மே முதல் ஜூன் வரை அதிகமாக நகரும், ஜூலையிலும் சில அழைப்புகள் வரும். ஆனால் மே 2-ஆம் தேதியில் இருந்து உங்கள் வீட்டில் அவன் மிச்சிகன் ஸ்டேட் மாணவன். ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுங்கள், ஓரியன்டேஷனுக்குத் தேதி வாங்குங்கள், ஒரு சனிக்கிழமை ஈஸ்ட் லான்சிங் கூட்டிப்போய் இன்ஜினியரிங் கட்டடத்தையும் சாப்பிடும் இடத்தையும் காட்டி வாருங்கள், ஒரு மணி நேரப் பயணம்தான். உறவினர்கள் போனில் 'எந்த காலேஜ்' என்று கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு 'மிச்சிகன் ஸ்டேட், இன்ஜினியரிங்' என்று குரல் தாழாமல் சொல்லுங்கள். 'வெயிட்லிஸ்ட்ல இருக்கான், பார்க்கலாம்' என்று நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் காதில் விழுகிறது. ஒரு வருடம் படித்த பிறகும் ஆன் ஆர்பர்தான் வேண்டுமென்றால் டிரான்ஸ்ஃபருக்கு விண்ணப்பிக்கலாம், அந்தக் கதவு மூடவில்லை. சாப்பாட்டு விஷயம் இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், காலேஜ் கவலைதானே என்று விடாதீர்கள்.

கேள்வி: மதுரையில் இருக்கிறேன். ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, எனக்குப் பிடித்த இன்னொன்றில் வெயிட்லிஸ்ட். விசா வேலையைத் தொடங்கலாமா, காத்திருக்கலாமா?
- மாணவி, மதுரை

பதில்: தொடங்கிவிடு அம்மா. சென்னை கான்சுலேட்டில் கோடையில் தேதி கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உனக்கே தெரியும். கிடைத்த கல்லூரியில் பணம் கட்டி, மாணவர் விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்கு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர் கட்டு. பின்னால் மற்றது கிடைத்தால் அவர்கள் புதிய ஐ-20 தருவார்கள், கட்டிய செவிஸ் கட்டணத்தை அந்தப் புதிய ஐ-20-இல் இருக்கும் செவிஸ் எண்ணுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: முதல் தடவை அமெரிக்காவுக்குள் நுழையும்போது விசாவில் இருக்கும் பல்கலைக்கழகப் பெயரும் நீ சேரப்போகும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். விசா ஒட்டிய பிறகு கல்லூரி மாறினால் கான்சுலேட்டுக்கும் புதிய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்காமல் விமானம் ஏறாதே. ஜூலை பாதியில் அழைப்பு வந்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்குமா என்பதையும் யோசி.

இன்னொன்று, உதவித்தொகை கேட்டிருக்கிறாயா? வெளிநாட்டு மாணவரின் பண நிலைமையைப் பார்க்காமல் இடம் கொடுப்பவை ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். மற்ற இடங்களில், அதுவும் வெயிட்லிஸ்ட்டில், முழுப் பணம் கட்டக்கூடியவர்களுக்கே வாய்ப்பு அதிகம். கிடைக்காவிட்டால் அதற்கு உன் படிப்பைக் காரணமாக நினைத்துக்கொள்ளாதே.

கேள்வி: அப்பாவின் நண்பர் நான் வெயிட்லிஸ்ட்டில் இருக்கும் கல்லூரியில் படித்தவர். அவரிடம் கடிதம் வாங்கி அனுப்பட்டுமா?
- மாணவன், எடிசன், நியூஜெர்சி

பதில்: உனக்கு அவர் பாடம் எடுத்திருக்கிறாரா, உன்னோடு வேலை செய்திருக்கிறாரா? இல்லையென்றால் வேண்டாம். உன்னைத் தெரியாதவர் எழுதும் நல்ல வார்த்தைகளால் உன் விண்ணப்பத்துக்கு எதுவும் கூடாது. கல்லூரி கூடுதல் கடிதம் ஏற்குமென்றால், இந்த வருடம் உனக்குப் பாடம் எடுத்த, விண்ணப்பத்தின்போது எழுதாத ஆசிரியர் ஒருவரிடம் கேள். இந்த வாரமே கேள், ஏப்ரல் கடைசியில் ஆசிரியர்களுக்கு ஏபி தேர்வு வேலை தலைக்கு மேல் இருக்கும்.