வந்த மாதவிலக்கு மறுபடி நின்றால்?

கேள்வி: சிசேரியனில் பிறந்த முதல் குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். ஐந்தாம் மாதமும் ஆறாம் மாதமும் மாதவிலக்கு வந்தது, முன்பைவிட அதிகமாக, கட்டி கட்டியாக. அப்புறம் இரண்டு மாதமாக இல்லை. முடி வேறு கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. கெட்ட ரத்தம் உள்ளே தங்கிக் கட்டியாகிவிடும் என்கிறார் மாமியார். யூடியூபில் நீர்க்கட்டி, புற்றுநோய் என்று வருகிறது. மெடிக்கலில் நாள் வரவைக்கும் மாத்திரை வாங்கி ஐந்து நாள் போட்டும் வரவில்லை. பால் கொடுப்பதால் பயமில்லைதானே? கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார்.
- பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: நாளைக் காலை எழுந்ததும் முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டை போட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

புற்றுநோய் வரைக்கும் எழுதிய நீங்கள், "பயமில்லைதானே?" என்று கேட்டபோது எதற்குப் பயம் என்று எழுதவில்லை. அடுத்த வரியில் கணவர் சனிக்கிழமை வருவதைச் சொல்லியிருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலரும் இதை இப்படித்தான் கேட்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பால் கொடுத்தால் கரு நிற்காது என்பது பாதி உண்மை. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், கருமுட்டை வெளிவருவதைத் தடுத்து வைக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பை நம்ப மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. குழந்தைக்கு எட்டு மாதம், கேழ்வரகுக் கஞ்சியும் ஊட்டத் தொடங்கியிருப்பீர்கள், ஐந்தாம் மாதமே மாதவிலக்கும் வந்துவிட்டது. உங்களுக்கு மூன்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். முட்டை முதலில் வெளிவரும், மாதவிலக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஒருமுறைகூடத் தலைக்குக் குளிக்காமலே மறுபடி கர்ப்பமானவர்கள் உண்டு. நீங்களோ இரண்டு முறை குளித்தவர்.

பிரசவத்துக்குப் பிறகு வரவே வராமல் இருப்பது வேறு. வந்து நிற்பது வேறு. முதலாவதற்குப் பெரும்பாலும் பால் கொடுப்பதே காரணமாக இருக்கும். இரண்டாவதற்கு, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்யும்வரை கர்ப்பம் என்றுதான் மருத்துவர்களான நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் அந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இதைத் தள்ளிப்போடக் கூடாது. அபூர்வமாக, பழைய தையல் தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்ளும், கருக்குழாயிலும் தங்கலாம். ஸ்கேன் இல்லாமல் இது தெரியாது. தழும்பு நன்றாக ஆறவும் உடம்பு தேறவும் இடைவெளி வேண்டும்; பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது விடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யவேண்டியது. வேண்டாம் என்றால் அரசு மருத்துவமனையிலேயே சட்டப்படி செய்துகொள்ளலாம். மெடிக்கலில் கலைக்கும் மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் நிற்காமல் நள்ளிரவில் வந்து சேரும் வேலை மட்டும் வேண்டாம்.

அந்த 'நாள் வரவைக்கும்' மாத்திரைக்கு வருகிறேன். கரு தங்கியிருந்தால் அந்த மாத்திரைக்கு மாதவிலக்கு வராது. வரவில்லையே என்று இன்னொரு அட்டை மாத்திரை வாங்குவீர்கள், அதற்குள் இன்னும் இரண்டு வாரம் போயிருக்கும். சிறுநீர் அட்டைக்கு ஆகும் செலவு அந்த மாத்திரையைவிடப் பெரிதாக இருந்திருக்காது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

ஒரு கோடுதான் என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஒரு கோடு என்றால் பால் கொடுப்பதால் வரும் தடுமாற்றமாக இருக்கலாம். 23 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். மூன்று மாதம் முழுதாக வராவிட்டால் தைராய்டு பரிசோதனை செய்யவேண்டும்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: கெட்ட ரத்தம் என்று ஒன்று உள்ளே சேர்வதில்லை. பால் கொடுப்பதால் முட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு மெலிந்தே இருக்கும், தங்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாதவிலக்கு வரட்டும் என்று அவர் எள்ளுருண்டை தந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், மருந்தாக அல்ல, பலகாரமாக. முதல் ஓரிரு மாதவிலக்கு கூடுதலாகவும் சிறு கட்டிகளோடும் வருவது சகஜம். முடி கொட்டுவது, குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நீர்க்கட்டி, புற்றுநோய் வீடியோக்களை மூடிவையுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுக்க நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் குத்தி வலித்துத் தலைசுற்றினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் அன்றைக்கே கருத்தடை பற்றிக் கேளுங்கள். காப்பர் டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றவை. ஊசியிலும் சாயாவிலும் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், காப்பர் டி போட்டால் கொஞ்சம் கூடுதலாகப் படலாம். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து மறுபடி யூடியூபைத் திறப்பீர்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மீதி மாத்திரையை அதன் அட்டையோடு கையில் கொண்டுபோங்கள். உள்ளே போனது என்ன மாத்திரை என்று அவர் பார்க்கவேண்டும்.