அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் ஆற்றங்கரைப் பூங்காவில் உள்ள ஹோலோகாஸ்ட் (ஹிட்லரின் நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவுச் சின்னத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

"முன்னால் நின்று பார்த்தேன், வெறும் வண்ணக் கோடுகள்தான் தெரிந்தன. இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே இடத்தில் நின்றால் அப்படித்தான் தெரியும். அதைச் சுற்றி நடக்க வேண்டும்.

மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய வோல்டன்பர்க் பூங்காவில் 2003-இல் திறக்கப்பட்ட இதை வடிவமைத்தவர் இஸ்ரேலியக் கலைஞர் யாகோவ் ஆகம். பார்ப்பவர் நகர நகரத் தோற்றம் மாறும் படைப்புகளுக்குப் பேர் போனவர். இங்கே ஒன்பது பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ஓரிடத்திலிருந்து பார்த்தால் கோடுகள் ஒன்றுகூடி, யூதர்களின் அடையாளமான ஆறு முனை கொண்ட தாவீதின் நட்சத்திரமாகத் தெரியும். இன்னும் சில அடி நடந்தால் அது குலைந்துபோய், வேறொரு கோணத்தில் மெனோரா என்ற யூதர்களின் ஏழு கிளை விளக்கு தெரியும்.

அந்த நட்சத்திரத்தைச் சாதாரண அலங்காரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1941 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியில் ஆறு வயதைத் தாண்டிய யூதர்கள் மஞ்சள் நட்சத்திரத்தை உடையில் தைத்துக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது. ஆளை அடையாளம் காட்ட நாஜிகள் செய்த ஏற்பாடு அது. ஹோலோகாஸ்டில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர்.

சுற்றிலும் உலாவுகிறவர்கள், நீராவிப் படகின் சத்தம் என்று இடம் கலகலப்பாகவே இருக்கும். முதலில் அது எனக்கு உறுத்தியது. இரண்டாவது சுற்றில் பழகிவிட்டது. வெயில் ஏறினால் நிற்க முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம், அவசரப்படாமல் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள்.