80 அடி டிராகன் ஒலியை முந்துமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நகர்த்துகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நண்பர்களுக்கு இவர்தான் நடத்துகிறார். வேலூர்க் கோட்டை மாதிரி அகழி சூழ்ந்த ஒரு கோட்டை, பக்கத்து மலையுச்சியிலிருந்து சிவப்பு டிராகன் அதன்மேல் பாய வேண்டும், அங்கேதான் தகராறு. ஒருவர் "விதிப் புத்தகத்துல ரவுண்டுக்கு 80 அடின்னுதான் இருக்கு, அது சைக்கிள் வேகம்" என்கிறாராம். இன்ஜினியரிங் படிக்கும் இன்னொருவர், இவ்வளவு கனமான மிருகம் இறக்கையை மடக்கி விழுந்தால் ஒலியையே தாண்டிவிடும், அப்போது வெடிக்கிற சத்தத்திலேயே கோட்டையில் இருப்பவர்கள் காலி என்கிறாராம். நடுவில் இவர் டெலிகிராமில் யாரிடமோ 1,500 ரூபாய் கொடுத்து 'நிஜ இயற்பியல் பறத்தல் விதிகள்' என்று ஒரு பிடிஎஃப் வாங்கிவிட்டார். அதுவும் புரியவில்லை. யார் சொல்வது சரி, டிராகன் முதுகில் உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த 1,500 ரூபாயை மறந்துவிடுங்கள். இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு 'இம்போர்ட்டட்' என்று விற்கிற ஆட்கள் ஒரு பக்கம், அதோடு நாலு சூத்திரத்தைச் சேர்த்து பிடிஎஃப் ஆக்கி விற்கிறவர்கள் இன்னொரு பக்கம். வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த டிராகனின் எடை என்ன, இறக்கைப் பரப்பு என்ன? அது இல்லாமல் வேகத்தை மட்டும் மூன்று தசம இடம்வரை போட்டிருந்தால், எங்கேயோ சுட்ட அட்டவணை என்று வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிள்காரர் கணக்கு சரிதான். ஒரு ரவுண்ட், அதாவது சண்டையில் ஒரு சுற்று, 6 விநாடி, அதில் 80 அடி என்றால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட இல்லை. டேஷ் போட்டால், அதாவது அந்தச் சுற்றில் தாக்காமல் இரட்டிப்புத் தூரம் நகர்ந்தால், 29. ஆனால் அது சண்டைக்குள் திரும்பி, குறிபார்த்து, நெருப்பைக் கக்கிக்கொண்டே நகரும் வேகம். கட்டங்கள் போட்ட மேசைக்குள் டிராகனின் குட்டிப் பொம்மை அடங்க வேண்டுமென்று வைத்த எண். டிராகனின் உச்ச வேகம் என்று எங்கும் சொல்லவில்லை. சண்டையில் 80 அடியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்ஜினியர் தம்பிக்கு வருவோம். கனமானது வேகமாக விழும் என்று அவர் சொன்னதும் மற்றவர்கள், எல்லாம் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பள்ளிப் பாடத்தை வைத்து மடக்கியிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பிளஸ் டூ வரை ஒவ்வொரு கணக்கிலும் 'காற்றுத்தடையைப் புறக்கணிக்க' என்று எழுத வைக்கிறோம், அப்புறம் நீட் கோச்சிங், ஓஎம்ஆர் தாள், புறக்கணித்த காற்று திரும்பி வருவதே இல்லை. காற்று இருக்கும்போது கனத்துக்கு மதிப்பு உண்டு. கையைக் காலை விரித்து விழும் மனிதர் மணிக்கு 200 கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிடுவார், அதற்குமேல் காற்று விடாது. ஒரு கிலோ அளவுள்ள பெரக்ரின் வல்லூறு உடம்பை ஒடுக்கிக்கொண்டு பாயும்போது 300-ஐத் தாண்டுகிறது. பத்து டன் டிராகன் அதேபோல ஒடுங்கி விழுந்தால் அதைக் காற்று சுலபத்தில் நிறுத்தாது. இதுவரை தம்பி பேசுவது நியாயம்.

அவர் விட்ட இடம் உயரம். எவ்வளவு கனமாக இருந்தாலும், காற்றே இல்லாவிட்டாலும், விழும் உயரம் தருவதற்குமேல் வேகம் வராது. 300 மீட்டர் விழுந்தால் மணிக்கு சுமார் 275 கிலோமீட்டர். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர், அந்த முழு உயரமும் விழுந்ததாக வைத்தாலும் 530-தான். ஒலிக்கு 1,200-க்கு மேல் வேண்டும், அதற்குக் குறைந்தது 6 கிலோமீட்டர் விழ வேண்டும். இதில் காற்றுத்தடையைச் சேர்க்கவே இல்லை. ஒலி வேகத்தை நெருங்க நெருங்க அந்தத் தடை திடீரென்று எகிறும் என்பது தனிக்கதை.

சரி, ஒலி வேகத்துக்கு வந்துவிட்டது என்றே வைப்போம், தரையில் மோதாமல் நிமிர வேண்டுமே? உடல் எடை ஆறு மடங்காக அழுத்தும் அளவுக்கு வளைத்தாலும் அந்த வளைவின் ஆரம் 2 கிலோமீட்டருக்கு மேல் போகும். ஆக, 8 கிலோமீட்டருக்கு மேலிருந்து கிளம்ப வேண்டும், கிட்டத்தட்ட எவரெஸ்ட் உயரம். அவ்வளவு தூரம் ஏற, ஒவ்வொரு ரவுண்டும் டேஷ் போட்டாலும் 160-க்கு மேல் ரவுண்ட் ஆகும். இன்ஜினியர் தம்பி அத்தனை ரவுண்டும் மேசையில் உட்கார்ந்து ஆடத் தயாரென்றால் அந்தச் சத்தத்தை அனுமதியுங்கள்.

முதுகில் இருப்பவர் கதைக்கு இவ்வளவு உயரமே தேவையில்லை. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வாலாஜா தாண்டி பைக்கில் 80-இல் போகும்போது நிமிர்ந்து உட்கார்ந்தால் நெஞ்சில் ஒரு தள்ளு தெரியும், அது சுமார் 18 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. 160-இல் 70 கிலோவைத் தாண்டிவிடும், 275-இல் 200 கிலோவுக்கு மேல். வெறும் கையால் பிடித்துக்கொண்டு யாரும் தாங்க முடியாது. குப்புறப் படுத்து டிராகன் கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் காற்றில் படும் பரப்பு குறையும், சேணமும் இடுப்புவாரும் இருந்தால் பிழைக்கலாம். நிமிரும்போது இன்னொரு கண்டம்: எடை நாலைந்து மடங்கானால் பயிற்சி இல்லாதவருக்குக் கண் இருட்டி நினைவு தப்பும்.

உங்கள் மேசைக்கு: மலையின் உயரத்தை முதலிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள், ஆட்ட நடுவில் ஏற்றாதீர்கள். 300 மீட்டர் போதும். பாய்ச்சல் தொடங்கும்போது முதுகில் இருப்பவர் ஸ்ட்ரென்த் சேவிங் த்ரோ (உடல் பலத்தை வைத்துத் தப்பிக்கப் பகடை உருட்டுவது) போடட்டும், நிமிரும்போது கான்ஸ்டிட்யூஷன் (உடலின் தாங்குதிறன்). வார் கட்டியிருந்தால் முதலாவது வேண்டாம். தவறி விழுந்தால் புத்தகத்தில் இருப்பதே போதும், 10 அடிக்கு ஒரு ஆறு முகப் பகடை, அதிகபட்சம் 20 பகடை. அந்த பிடிஎஃப்பில் இதற்கு ஏதாவது பெருக்கல் கணக்கு இருந்தால் தொடவே வேண்டாம்.