பிடித்துவிட்டால் போதுமா? மசாஜ் பற்றி ஒரு பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்

கேள்வி அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் 21 ஆண்டுகளாக பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல், தொட்டுப் பார்க்காமல் எழுதும் பதில்கள் இவை என்பதை மறந்துவிடாதீர்கள்.

அக்கா, நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். நான்கு வருடமாக இடுப்பு வலி. மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டுப் பிடித்துவிடுகிறார்கள். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழையபடி வலி. பிடிப்பவர் சரியில்லையா?

தம்பி, பிடிப்பவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டார்.

கால் முட்டி மேசையில் இடித்தால் யாரும் சொல்லாமலே கை அங்கே போய்த் தேய்க்கிறதல்லவா? தொடுகையைச் சுமந்து செல்லும் பருத்த நரம்பிழைகள் வேலை செய்யத் தொடங்கினால், வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்பட்டுவிடும். வலியை ஆராய்ந்த ரொனால்டு மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் இதை ஒரு வாயில் மூடுவதாக விளக்கினார்கள். நுணுக்கங்களைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினாலும் அடிப்படை இன்றும் நிற்கிறது. இதோடு, இறுகிய தசை தளர்கிறது, மனமும் அடங்குகிறது. உங்கள் இரண்டு நாள் சுகம் இப்படி வந்ததுதான்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் இடுப்பு வலிக்கான மசாஜ் பற்றிய 25 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. சும்மா இருப்பதைவிட மசாஜ் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கிறது, நாள் செல்லச் செல்ல அந்தப் பலன் நிற்பதில்லை, ஆய்வுகளின் தரமும் அவ்வளவு உயர்வில்லை என்றது. உங்கள் உடம்பு சொன்னதும் அதையேதான்.

அந்த இரண்டு நாளை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி. பிடித்துவிட்டு வந்து தூங்கி எழுந்து, மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு பத்து மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறீர்கள். வலி அடங்கியிருக்கும்போதுதான் இடுப்புக்கு வேலை கொடுக்க வேண்டும். பிடித்த அன்று மாலையே அரை மணி நேரம் நடங்கள். இடுப்பையும் வயிற்றையும் பலப்படுத்தும் நான்கு பயிற்சிகளை அருகிலுள்ள பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். வண்டியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓரங்கட்டி இறங்கி நடங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். என்னிடம் வந்த ஓட்டுநர் ஒருவரின் பர்ஸ் இரண்டு விரல் தடிமன் இருந்தது. பணம் நூற்றைம்பது ரூபாய்தான், மீதியெல்லாம் பழைய டோல் ரசீது!

கால் மரத்துப்போவது, பாதம் தூக்க வராமல் இழுபடுவது, சிறுநீர் போவது தெரியாமலிருப்பது, இவற்றில் ஒன்று வந்தாலும் மசாஜ் வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஜிம்மில் கால் பயிற்சி செய்த மறுநாள் படி இறங்க முடிவதில்லை. மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறிவிடும் என்கிறார் பயிற்சியாளர். உண்மையா?

லாக்டிக் அமிலம் யாரும் பிழிந்து எடுக்காமலே ஒரு மணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். மறுநாள் படியில் உங்களை அழவைப்பது, பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012-இல் செய்த ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். 11 இளைஞர்களைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். பிறகு ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் ஊசியால் துளித் தசை எடுத்துப் பார்த்தார்கள். மசாஜ் செய்த காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் வித்தியாசமே இல்லை. ஆகவே உங்கள் பயிற்சியாளர் சொல்வதைச் செய்யலாம், அவர் சொல்லும் காரணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

வலிக்க வலிக்கப் பிடித்தால்தானே பலன்?

இல்லை. பயிற்சிக் காலத்தில் நானும் அப்படி நம்பி, ஒரு அம்மாவின் தோள்பட்டையைக் கட்டைவிரலால் குத்திவிட்டேன். மறுநாள் நாவல்பழ நிறத்தில் இரத்தம் கட்டி நின்றது. வலி அளவுக்கு மீறினால் தசை தற்காப்புக்காக இன்னும் இறுகும். பிடிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறீர்கள் என்றால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

சித்த மருத்துவத் தொக்கணமும் பிசியோதெரபி மசாஜும் ஒன்றா?

கை ஒன்று, கணக்கு வேறு. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒன்று. அதில் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். 19-ஆம் நூற்றாண்டில் டச்சு மருத்துவர் மெட்ஸ்கர் தம் முறையை வகைப்படுத்தியபோது நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்றுதான் பிரித்தார். ஸ்பா வாசலில் 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்று பலகை இருக்கிறதே, அதன் அடித்தளம் இந்த வகைப்பாடுதான். அந்த மசாஜைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் ஸ்வீடன்காரரான லிங்குக்குப் போகும் புகழில் பெரும்பங்கு இந்த டச்சுக்காரருக்குச் சேர வேண்டியது. நம் பட்டியலிலோ இழுத்தலும் அசைத்தலும் சேர்ந்து நிற்கின்றன. அவை மூட்டை இயக்கும் வேலைகள். இன்று நாங்கள் தனிப் பாடமாகப் படிப்பவை.

வேறுபாடு, எதைப் பார்த்துக் கை வைக்கிறோம் என்பதில். சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் பார்த்துத் தைலத்தைத் தேர்ந்தெடுப்பார். நான் எந்தத் தசை, எந்த மூட்டு, எத்தனை பாகை அசைகிறது என்று பார்ப்பேன். தொக்கணம் வேண்டுமானால் படித்தவரிடம் போங்கள். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. உடம்பின் நுட்பமான புள்ளிகளைக் கையாளும் வர்மம் எல்லோர் கைக்கும் வருவதில்லை. மூன்று நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்களே?

வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாக ஏறுகின்றன. திடீரென்று முறுக்கினால் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் அந்தச் சொடக்கால் கிடைப்பது ஒரு 'அப்பாடா' மட்டும்.

டாக்டர், குழந்தைக்கு 40 நாள். மாமியார் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார். இணையத்தில் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லட்டுமா?

நிறுத்தச் சொல்ல வேண்டாம் அம்மா, சிலவற்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

மயாமியில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் குறைமாதக் குழந்தைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை, 15 நிமிடம் வீதம், பத்து நாள் நீவிவிட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அன்றாட எடை 47 சதவீதம் கூடுதலாக ஏறியது என்று 1986-இல் எழுதினார்கள். சிறிய ஆய்வுதான். பிறகு வந்த ஆய்வுகளில் எண்ணிக்கை முன்பின் இருந்தாலும் எடை கூடுவது தொடர்ந்து தெரிந்தது. இறகு பட்டதுபோல் தடவினால் குழந்தை கூசி நெளியும். உள்ளங்கை முழுவதும் படிய, தோல் மெல்ல நகரும் அளவுக்கு நீவ வேண்டும். உங்கள் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையிலிருந்து பாதம்வரை ஒரே இழுப்பில் உருவிவிடுகிறாரே, அது அருமையான நீவல்.

மாற்ற வேண்டியவை: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவாகும். மூக்கை வாயால் ஊதுவதும் வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால். அது தானே வற்றிவிடும், பால் எடுக்கிறேன் என்று பிதுக்கினால் சீழ் பிடிக்கும். தலையைக் குவித்து வடிவம் கொடுப்பதும் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் போதும். பால் குடித்த கையோடு செய்யாமல், சற்று நேரம் விட்டுச் செய்யட்டும்.

இதை மாமியாரிடம் நீங்கள் சொல்வதைவிடக் குழந்தை மருத்துவரைச் சொல்ல வைத்தால் வீட்டில் சண்டை குறையும்.

ஒன்பது வயது மகனுக்கு முழங்கை எலும்பு முறிந்து, மூன்று வாரத்துக்குப் பிறகு மாவுக்கட்டைப் பிரித்திருக்கிறார்கள். கை நீட்ட வரவில்லை. எண்ணெய் போட்டு உருவிவிடலாமா?

கூடவே கூடாது. இதைத் தடித்த எழுத்தில் எழுதச் சொன்னால் எழுதுவேன். அடிபட்ட முழங்கையை உருவி, இழுத்து, வலுவாக நீட்டினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கும். நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. பிறகு கை மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. என்னிடம் ஒரு பையனை எட்டு மாதம் கழித்துக் கூட்டிவந்தார்கள். சோற்றுக் கவளம் உதட்டுக்கு நான்கு விரல்கடைக்கு முன்னால் நின்றுவிட்டது, தலையைக் குனிந்து போய் வாங்கிக்கொண்டான்.

பையன் தானாகவே மடக்கி நீட்டட்டும். மருத்துவர் அனுமதித்ததும் விளையாட்டுச் சாமானைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், எட்டி எடுப்பான். குழந்தைகளின் முழங்கை மெதுவாகத்தான் திரும்பும். பொறுத்திருங்கள்.

அம்மாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். நேற்றிலிருந்து ஒரு ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது, வலிக்கிறது. நீவிவிடவா?

கை வைக்காதீர்கள். உள்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகும், உயிருக்கே ஆபத்து. இதைப் படித்ததும் கிளம்புங்கள், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் இன்றே எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் 108-ஐ அழையுங்கள்.

மசாஜ் செய்தால் தொப்பை குறையுமா?

பிடித்துவிடுபவருக்குக் கொஞ்சம் குறையலாம்.

சித்திக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கை வீங்கிவிட்டது. மசாஜ் உதவும் என்கிறார்கள், சிலர் தொடவே கூடாது என்கிறார்கள்.

இரண்டு பேரும் பாதி சரி. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தபின் நிணநீர் வடிய வழி குறைந்து கையில் தேங்குகிறது. இதற்கென்று தனி நீவல் முறை இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் 1930-களில் உருவாக்கியது. வெண்ணெய் மேல் விரல் பதியாத அளவுக்குத்தான் அழுத்தம். வீங்கிய கையில் தொடங்காமல், முதலில் கழுத்தையும் மறுபக்க அக்குளையும் நீவி வழி திறந்துவிட்டு, பிறகுதான் கைக்கு வருவோம். இது மட்டும் போதாது. அழுத்தக் கட்டு அல்லது அழுத்த உறை, பயிற்சி, தோல் பராமரிப்பு நான்கும் சேர்ந்தால்தான் வீக்கம் அடங்கும். சூடான தைலமும் அழுத்திப் பிடிப்பதும் வீக்கத்தைக் கூட்டிவிடும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் நீவலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்பாவுக்கு 18 வருடமாக சர்க்கரை. பாதம் எரிகிறது என்று சூடான எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்.

எண்ணெயின் சூடு அவருக்குத் தெரியாது. எரிகிறது என்று சொல்லும் பாதம்தான் கொப்புளம் வந்தாலும் உணராது. ஆறிய எண்ணெயை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு மெல்லத் தடவுங்கள். விரல் இடுக்கில் எண்ணெய் தங்க விடாதீர்கள், பூஞ்சை வரும். அதைவிட முக்கியம், தடவும்போது உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சிறு புண்ணைத் தினமும் எண்ணெய் தேய்க்கும் பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்க முடியும்.

அம்மாவுக்கு 82 வயது, படுக்கையில் இருக்கிறார். ஆளை அடையாளம் தெரிவதில்லை, மாலையானால் பதற்றம். எனக்கு மசாஜ் எதுவும் தெரியாது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை உங்கள் உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள். இரண்டு சொட்டு நல்லெண்ணெய் போதும். மறுகையின் கட்டைவிரலால் மணிக்கட்டிலிருந்து விரல்வரை மெதுவாக நீவுங்கள். பிறகு ஒவ்வொரு விரலாக, அடியிலிருந்து நுனிக்கு. வயதானவர்களின் தோல் காகிதம் போல, இழுக்கக் கூடாது. கைக்கு ஐந்து நிமிடம், தினமும் பதற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால். டிவியை அணைத்துவிடுங்கள். பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கையை இழுத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

புட்டம், குதிகால், இடுப்பெலும்பு முனை இவற்றில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். சிவந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். அங்கே மட்டும் தேய்க்காதீர்கள், உள்ளே சேதமான தசை இன்னும் கெட்டு, படுக்கைப் புண்ணாகிவிடும். அவரைப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து அந்த இடத்தின் பாரத்தை இறக்குங்கள். சிவப்பு மறையவில்லையென்றால் செவிலியரையோ மருத்துவரையோ வரவழையுங்கள்.