கார் விலை இறங்கும், பிரேக் விலை இறங்காது

கே: பத்து வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரைப் புது விலையில் கால் பங்குக்கு வாங்கினேன். பிரேக் மாற்ற ஒர்க்‌ஷாப்பில் கேட்கும் தொகை தலையைச் சுற்றவைக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

ப: இல்லை. உங்களுக்குக் கால் விலைக்குக் கிடைத்தது கார்தான், அதன் டிஸ்க்கும் பேடும் இன்றைக்கும் புதுக் கார்க்காரருக்கு விற்கிற அதே விலைதான். வாங்கும் முன்பே நான்கு டயர், பிரேக், கிளட்ச் என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே! இரும்புக்குப் பதில் கார்பன் செராமிக்கில் செய்த டிஸ்க் என்றால் இன்னும் மோசம். சக்கரம் கழற்றும்போது ரிம் இடித்து ஓரம் பெயர்ந்தாலே டிஸ்க் வீணாகலாம், பக்கத்திலேயே நில்லுங்கள்.

கே: பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. முன் டயரைப் பின்னால் மாட்டிச் சமாளிக்கலாமா?

ப: முன்னும் பின்னும் அகலம் வேறாக இருந்தால் முடியாது. டயரில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: ஃபெராரி எஃப்355 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஓடியது மிகக் குறைவு, அதனால் செலவே வராது என்கிறார் விற்பவர்.

ப: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். அந்த மாடல் 1999-லேயே நின்றுபோனது. அதில் வால்வையும் பிஸ்டனையும் நேரம் தவறாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் ரப்பர், கிலோமீட்டர் பார்த்து மட்டும் கெடுவதில்லை, சும்மா நின்றாலும் வயதாகும், அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும். பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்குவார்கள், கூலி எங்கே போய் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், சீல் காயும். நானும் "வீட்டிலேயே நின்ற வண்டி" என்று ஒரு கூபே (இரண்டு கதவு கார்) வாங்கினேன், டயரில் பட்டன் தேயாமல் அப்படியே இருந்தது, ரப்பரோ நகத்தால் அழுத்தினால்கூடப் பதியாத கட்டை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் தயாரானது. ஓடாத வண்டி விலை கூடுதல் என்கிறார்கள், எனக்கென்னவோ வருடா வருடம் ஓட்டி, பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறவர் வண்டிதான் வேண்டும்.

கே: 20,000 கி.மீ. ஓடியது என்று சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையோடு காட்டி விற்றார்கள். மீட்டரைத் திருத்தியிருப்பார்கள் என்று இப்போது மெக்கானிக் சந்தேகப்படுகிறார்.

ப: முத்திரையை நம்பியது உங்கள் தப்பு இல்லை, நம்பவைக்கத்தான் அதைக் குத்தியிருக்கிறார்கள். பல கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டர், எஞ்சின் ஓடிய மணிநேரத்தைத் தனியாகக் குறித்து வைத்திருக்கும். அதை எடுத்துக் கிலோமீட்டரை மணிநேரத்தால் வகுக்கச் சொல்லுங்கள். 2,500 மணிநேரம் என்று வந்தால் சராசரி வேகம் 8 கி.மீ., மாட்டுவண்டிகூட வெட்கப்படும். போர்ஷே என்றால் எஞ்சினை எல்லை மீறி முறுக்கியதும் பதிவாகியிருக்கும். அறிக்கையை அச்செடுத்து வாங்கிக்கொண்டு, விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதுவரை வண்டியில் எதையும் மாற்றாதீர்கள்.

கே: மாதம் ஒருமுறைதான் எடுக்கிறேன். ஆயிலை அடுத்த வருடம் மாற்றினால் போதாதா?

ப: போதாது.